ஜன்னலில் நின்ற கோல்கீப்பர்

“உயிரோட இருக்கிற புள்ளைய இப்பிடித்தான் வெப்பீங்களா சார்?”

செல்லம்மா வாசற்படிக்கு உள்ளே நின்றார். நான் சந்தில் நின்றேன். நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்து எங்கள் இருவருக்கும் நடுவில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கையில் ஒரு குரூப் போட்டோ. கால்பந்துச் சட்டை போட்ட பையன்கள் இரண்டு வரிசை. நடுவில், தலைவர் என்ற முறையில், டை கட்டிக்கொண்டு நாற்காலியில் நான். வலது மேல் மூலையில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் மேகங்களுக்கு நடுவிலிருந்து எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான் அவருடைய மகன் முருகேஷ். வட்டத்தின் இரு பக்கமும் ரோஜாப்பூ.

நான் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். உள்சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அதே மேகம். அதே ரோஜாப்பூ. அதற்குள் அவருடைய கணவர். இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பொட்டும் மாலையும் மட்டும்தான் வித்தியாசம். இரண்டும் ஒரே ஸ்டுடியோவின் கைவண்ணம்.

கீழே பாயில், வேப்பிலைக்கு நடுவில், உடம்பெல்லாம் அம்மை கொப்பளித்துப் படுத்திருந்தான் முருகேஷ். முகம் தெரியவில்லை. இருமல் கேட்டது. நான் நிம்மதியடைந்த மிகச் சில இருமல்களில் அது ஒன்று.

நான் தலைவரான விதம்

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஊர் அப்போது பெங்களூர்தான். நான் மாநில அரசில் ஒரு துறையில் இருந்தேன். துறையின் பெயர் வேண்டாம். என் ஓய்வூதியக் கோப்பு ஒன்று அங்கே இன்னும் நகர வேண்டியிருக்கிறது. வீடு ஜீவனஹள்ளிக்குப் பக்கத்தில். ரயில் பாதையை ஒட்டிய சந்துகளில் இருந்த பையன்கள் ‘லைன் பாய்ஸ்’ என்று ஒரு கால்பந்துக் குழு வைத்திருந்தார்கள். எல்லோரும் பதினாறு வயதுக்குக் கீழே. அப்பாக்கள் பெயின்டர், கொத்தனார், மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். பெரும்பாலும் வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள்.

ஒரு நாள் மாலை நாலைந்து பேர் என் வீட்டு கேட்டில் வந்து நின்றார்கள். கேப்டன் ஜனார்த்தனன், எல்லோருக்கும் ஜானி, முன்னால் வந்தான்.

“சார், நீங்க எங்க கிளப்புக்கு பிரெசிடென்ட் ஆவணும்.”

“ஏன்?”

அவன் மரியாதைக்காக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. “உங்க கிட்ட பச்சை இங்க் பேனா இருக்குதாமே சார்.”

அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி என்றால் என்ன என்று இன்றைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நகல் அசல்தான் என்றும், படத்தில் இருப்பவன் அவனேதான் என்றும் பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போடுபவர். என் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்க்க வரவில்லை; என் பேனாவைப் பார்க்க வந்தார்கள். என் மனைவி அவர்களுக்குக் கொடுத்த காபிக்கு நான் சர்க்கார் செலவில் ஈடு கேட்டிருக்க வேண்டும். அதற்கு விதி இல்லை. பார்த்துவிட்டேன்.

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பந்து உருண்டையாக இருக்கும். ஆஃப்சைடு என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. தலைவர் பதவிக்கு இது போதும் என்று பையன்கள் நினைத்தார்கள். நான் பார்த்த பல துறைத் தலைவர்களுக்கு இவ்வளவுகூடத் தேவைப்பட்டதில்லை.

நாற்காலிகளின் வரிசை

குரூப் போட்டோ என்பது எங்கள் அலுவலகத்தில் படம் எடுக்கும் காரியமே அல்ல. யாராவது ஓய்வு பெற்றால் முதலில் நாற்காலிப் பட்டியல் தயாராகும். நடுவில் துறைச் செயலர். அவருக்கு வலப்புறம் ஓய்வு பெறுபவர். இடப்புறம் யார் என்பதில் மூன்று நாள் போகும். டைப்பிஸ்டுகள் பின்னால் நிற்பார்கள். நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டவர் படத்தில் இருக்கமாட்டார்.

ஒருமுறை ஒரு சூப்பரின்டென்டென்டுக்கு ஓரத்து நாற்காலி வந்தது. மனிதர் படம் எடுக்கும் நேரத்தில் நெஞ்சு வலி என்று வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அவர் கொண்டுவந்த மருத்துவச் சான்றிதழை நான்தான் ஏற்றுக்கொண்டேன். எல்லாம் முறைப்படி இருந்தது, வலியைத் தவிர.

இப்படிப்பட்ட பயிற்சியோடுதான் நான் லைன் பாய்ஸின் போட்டோ விஷயத்தில் இறங்கினேன்.

ஊரில் சிறுவர்களுக்கான ஒரு கோப்பைப் போட்டி. விண்ணப்பத்தோடு ஒரு குரூப் போட்டோ வேண்டும். ஆடப்போகிற எல்லோரும் சீருடையில், ஒரே படத்தில், ஒன்றாக இருக்க வேண்டும். அதை அதிகாரி சான்றளிக்க வேண்டும். படத்தில் இல்லாதவன் மைதானத்தில் இறங்க முடியாது. கடுமையான விதிதான். முந்தைய வருடம் ஓர் அணியின் ‘சிறுவன்’ கோல் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, கூட்டத்திலிருந்து ஒரு குழந்தை அவனை அப்பா என்று கூப்பிட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த விதி.

முருகேஷ்தான் எங்கள் கோல்கீப்பர். வேறு கோல்கீப்பர் கிடையாது. ஆனால் குழுவின் கவலையைவிட அவனுடைய கவலை பெரிது. அவனுடைய தாய்மாமன் பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன். அடுத்த மாதக் கடைசியில் முருகேஷை அங்கே சேர்ப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. பட்டறைக்கு ஞாயிறும் கிடையாது, மைதானமும் கிடையாது. பள்ளிக்கூடம் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. இந்த ஒரு போட்டிதான் அவனுக்கு. இதில் ஆடாவிட்டால் சந்தில் பந்து பிடித்ததோடு சரி.

அம்மன் சான்றிதழ் தருவதில்லை

படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளி மைதானத்தில் கூடினோம். யாரோ ஒரு போட்டோகிராபரைக் கூப்பிடவில்லை. காக்ஸ் டவுன் மார்க்கெட் அருகே ஸ்டுடியோ வைத்திருந்த ஷௌகத் பாயையே வரவழைத்தோம். கல்யாணத்துக்குப் போவதுபோல சென்ட் போட்டுக்கொண்டு வந்தார். பையன்கள் தலையில் தேங்காய் எண்ணெய் வழிந்தது. முருகேஷைக் காணோம்.

“அவனுக்கு அம்மா போட்டிருக்கு சார்,” என்றான் ஜானி. “நேத்து ராத்திரிதான் முத்து வந்துச்சாம். படி தாண்ட விடமாட்டாங்க.”

“டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கு. விதிவிலக்குக் கேட்டு நான் மனு எழுதுகிறேன்.”

ஜானி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “இன்னா சார் நீங்க. அம்மா வந்திருக்கிறப்போ யாராவது டாக்டர் கிட்ட போவாங்களா?”

எனக்கும் தெரியும்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். டாக்டர் இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் மனு இல்லை. அம்மன் வீட்டுக்கு வருவாள், போவாள். எழுத்தில் எதுவும் தரமாட்டாள்.

இருப்பவர்களை வைத்துப் படம் எடுத்தோம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜானியும் ஷௌகத் பாயும் காரியத்தில் இறங்கிவிட்டார்கள். ஜானி எங்கிருந்தோ முருகேஷின் பழைய பாஸ்போர்ட் படத்தைக் கொண்டுவந்தான். ஷௌகத் பாய் தன்னிடம் இருந்த மிக அழகான அலங்கார அச்சை எடுத்து, குரூப் போட்டோவின் மூலையில் அவனைச் சேர்த்தார். பிரதியைக் கையில் வாங்கிய ஜானி, எனக்குக்கூடக் காட்டாமல், சந்தோஷத்தில் நேராகச் செல்லம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை அவனே வந்து கூட்டிக்கொண்டு போனான். முகம் வெளுத்திருந்தது. “அந்தம்மா அழுவுது சார். நீங்க வாங்க.”

மறுபடியும் அந்த வாசல்

“உள்ள அவளை வெச்சிக்கினு நான் ராவும் பகலுமா உக்காந்திருக்கிறேன்,” என்றார் செல்லம்மா. குரல் உயரவில்லை. அம்மன் இருக்கும் வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது. “தாளிக்கிறது கூட இல்ல சார் வூட்ல. நீங்க படிச்சவரு. இத பாத்துட்டு பீன்யாவுல என் அண்ணி என்னா சொல்லும்? இவன் பேர எடுத்துடுங்க. ஆட்டமே வாணாம்.”

அதற்குள் ஷௌகத் பாயும் வந்து சேர்ந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சந்தின் முனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

“பெஹன், கோவம் வேணாம். என் கிட்ட இருக்கிறதுல அதுதான் பெஸ்ட் டிசைன். நல்லா இருக்கணும்னுதான்…”

“என் வூட்டுக்காரருக்கும் நீதானே பாய் போட்டே? அப்பவும் இதானே சொன்னே, பெஸ்ட் டிசைன்னு?”

ஷௌகத் பாய் “தப்புதான்,” என்றார். செல்லம்மாவின் கையிலிருந்து படத்தை வாங்கவும் அவருக்குத் தயக்கம். செல்லம்மா அதைப் படியின் மேல் வைத்தார். பாய் குனிந்து எடுத்து நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் படம் விதிப்படியும் செல்லாது என்பதை நான் அப்போது சொல்லவில்லை. அபூர்வமாக என் வாய்க்கும் இடம் பொருள் தெரியும்.

உள்ளேயிருந்து முருகேஷின் குரல் வந்தது. தொண்டையிலும் முத்து போட்டிருந்ததால் கரகரவென்று.

“ம்மா, பேர எடுக்காதம்மா. பீன்யாவுக்குப் போறேன்னு சொல்லிட்டேன் இல்ல? ஒரு வாட்டி வெளாடிட்டுப் போறேன்.”

“நீ பேசாத படுடா.”

“சார்,” என்றான் அவன், பாயிலிருந்தே, “ரூல்ல இன்னா போட்டிருக்குது? எல்லாரும் வெளியதான் நிக்கணும்னு போட்டிருக்குதா?”

முப்பது வருடங்களாக விதிகளைப் படித்து வந்தவனிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் விண்ணப்பத்தாளைப் பையிலிருந்து எடுத்தேன். சீருடையில், ஒரே படத்தில், ஒன்றாக. எங்கே என்று இல்லை. செல்லம்மாவின் வீட்டுக்குச் சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. கம்பி போட்டது. அன்று மூடியிருந்தது.

“ஜன்னலைத் திறந்தால் அவன் உள்ளேயே நிற்கலாம்,” என்றேன். “மற்றவர்கள் சந்தில் நிற்பார்கள். ஒரே படத்தில் வந்துவிடும். அவன் படியைத் தாண்ட வேண்டாம். யாரும் உள்ளே வர வேண்டாம்.”

செல்லம்மா உள்ளே போனார். கற்பூர வாசனை வந்தது. வெளியே ஒரு கால்பந்துக் குழுவும் ஓர் அரசு அதிகாரியும் ஒரு போட்டோகிராபரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் சர்வீஸில் அமைச்சரவையின் ஒப்புதலுக்காகக் கோப்போடு வெளியே காத்திருந்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் கை வியர்த்ததில்லை.

திரும்பி வந்தபோது அவர் கண்ணைத் துடைத்திருந்தார்.

“நாளைக்கு கார்த்தால வாங்க. குளிச்சிட்டு வரணும். எல்லாரும் செருப்பு, ஷூ எல்லாம் கழட்டிட்டுத்தான் நிக்கணும். அவளுக்கு முன்னாடி நிக்கிறீங்க.” பிறகு ஒரு சந்தேகம் வந்தது. “அந்த ஜட்ஜி சட்டை போட்டே ஆவணுமா? தச்ச துணி புதுசா போடக் கூடாது.”

ஜெர்சியைத்தான் அப்படிச் சொன்னார். போட்டே ஆக வேண்டும், சீருடை என்று விதி.

“இன்னா கலரு?”

கோல்கீப்பருக்கு மட்டும் தனி நிறம். மற்றவர்களுக்கு நீலம். ஜானி தன் பையிலிருந்து முருகேஷின் சட்டையை எடுத்துக் காட்டினான்.

மஞ்சள். நல்ல மாரியம்மன் மஞ்சள்.

செல்லம்மா அதை வெகுநேரம் பார்த்தார். “சரி, அவ கலருதான்,” என்றார். “குடு. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு அலசிக் காயவெக்கிறேன். ஒடம்புல போட வேணாம். தோள் மேல போத்திக்கிட்டு நிப்பான்.”

அரை நாள் விடுப்பு

மறுநாள் அரை நாள் தற்செயல் விடுப்பு எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். என் சர்வீஸில் அந்த வார்த்தை உண்மையாக இருந்த ஒரே தடவை.

சந்தில் இருந்தவர்கள் தண்ணீர் டிரம்களை நகர்த்தி இடம் விட்டிருந்தார்கள். பையன்கள் ஸ்டாக்கிங்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஷூக்களைச் சந்து முனையில் குவித்திருந்தார்கள். சீருடை என்றால் ஷூவும் சேர்த்தி. ஆகவே முன்வரிசையைச் சம்மணமிட்டு உட்கார வைத்துக் கால்களை மடக்கச் சொன்னேன். பின்வரிசையின் கால்கள் முன்வரிசைக்குப் பின்னால் போய்விட்டன. நாற்காலி வரிசை போட்டே வீணாகிப்போன என் அனுபவத்துக்கு முதல் முறையாக ஒரு பயன்.

ஜானி எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து நடுவில் போட்டான். அதில் உட்கார்ந்தால் என் தலை ஜன்னலை மறைத்தது. அதைவிடப் பெரிய சிக்கலும் இருந்தது. தான் இருக்கும் படத்துக்குத் தானே சான்றளிக்க முடியாது. முதல் படத்துக்கு வேறோர் அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவதாக இருந்தேன். விண்ணப்பத்துக்கு அன்று சாயங்காலம்தான் கடைசி நேரம், இனி அதற்கு அவகாசம் இல்லை.

“நாற்காலியை எடுத்துக்கொண்டு போ,” என்றேன்.

“நீங்க இல்லாத படமா சார்? பிரெசிடென்ட்டு!”

“நான் இருந்தால் நீங்கள் இருக்க முடியாது.”

ஜன்னல் திறந்தது. கம்பிகளுக்குப் பின்னால் முருகேஷ் வந்து நின்றான். முகமெல்லாம் முத்து. தோளில் மஞ்சள் சட்டை. பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“டேய் மச்சா,” என்றான் ஜானி மெதுவாக, “எப்பிடிடா இருக்கே?”

“சொறிய விட மாட்றாங்கடா. அதான் பேஜாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஷௌகத் பாய் வெறுங்காலோடு பின்னால் பின்னால் நடந்து எதிர்வீட்டுச் சுவரில் முதுகை முட்டிக்கொண்டார். வழக்கமாக ‘ஸ்மைல்’ என்று கத்துபவர், அன்று கையை மட்டும் தூக்கிக் காட்டினார். கடைசி நொடியில் செல்லம்மாவின் கை உள்ளேயிருந்து நீண்டு, ஜன்னல் கம்பியில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகிவிட்டுப் போயிற்று. அந்தக் கையும் படத்தில் விழுந்துவிட்டது. மணிக்கட்டும் இரண்டு கண்ணாடி வளையலும்.

பிரதி மதியமே வந்தது. ஒரு மூலையில், யார் முகத்திலும் படாமல், பாதி படத்திலும் பாதி தாளிலுமாகப் பச்சையில் கையெழுத்திட்டேன்.

போட்டி அலுவலகத்தில்

போட்டியின் செயலாளர் மாண்டியா பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். படத்தைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஏன்ரீ, உங்க பையன் ஒருத்தன் ஜெயில்ல இருக்கான்?”

“கோல்கீப்பர். அவன் உள்ளேதான் இருப்பான்.”

“ஜோக்கு பேடா சார், வேணாம். இது ஏத்துக்க ஆகல்ல. குரூப்னா எல்லாரும் சேர்ந்து…”

நான் விதியை எடுத்துப் படித்தேன். சீருடை இருக்கிறது. ஒரே படம். ஒன்றாக இருக்கிறார்கள். சுவர் நடுவில் வரக்கூடாது என்று எங்கும் இல்லை. பேசப் பேச அவர் முகம் இறுகியது. எதிரில் இருப்பவனுக்கு விதி தெரியும் என்பதைப் போல ஓர் அலுவலரை எரிச்சலூட்டுவது வேறில்லை. அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

அவர் படத்தைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினார். நீட்டிய கை நின்றது. மறுபடியும் படத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனார். ஜன்னல் கம்பி. வேப்பிலை. வளையல் கை.

“அம்மா பந்தித்தாளா மனேயல்லி?” வீட்டில் அம்மன் வந்திருக்கிறாளா என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஆமாம்.”

அவர் மேஜைக்குக் கீழே காலை ஆட்டிச் செருப்பைக் கழற்றினார். படத்தை இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு விண்ணப்பத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார், வேப்பிலையில் படாத இடமாகப் பார்த்து. நான் எடுத்து வைத்த வாதம் எதுவும் அதில் சேரவில்லை. ரசீது மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் ஆட்டம்

முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சுற்றில் தோற்றோம். முருகேஷ் பீன்யாவுக்குப் போனான். இப்போது அங்கேயே இருக்கிறான்; மெஷின் ஷாப்பில் அவனுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றபோது எனக்கும் ஒரு குரூப் போட்டோ எடுத்தார்கள். சரியான நாற்காலி, சரியான மாலை. அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியவில்லை. லைன் பாய்ஸ் படம் என் கூடத்துச் சுவரில் இருக்கிறது. நீங்கள் இல்லாத படத்தை ஏன் மாட்டியிருக்கிறீர்கள் என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு வாரம் கிடைத்தது, அதற்கு நன்றியாக என்று சொன்னால் சிலருக்குப் புரிகிறது.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது முதல் ஆட்டத்தின் காலையைத்தான்.

அம்மை இறங்கி, மூன்றாம் தண்ணீர் ஊற்றிச் சில நாள் ஆகியிருந்தது. முருகேஷ் பாதியாக இளைத்திருந்தான். மஞ்சள் சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆட்டம் தொடங்குமுன் செயலாளர் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகச் சரிபார்த்து வந்தார். செல்லம்மா அன்றுதான் முதல் முறையாக மைதானத்துக்கு வந்திருந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம், என் அருகில், புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

முருகேஷின் முன்னால் செயலாளர் நின்றார். படத்தைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். அதில் முகமெல்லாம் முத்து. இங்கே சில தழும்புகள்தான். வரிசையில் மற்றவர்களிடம் வந்த அளவுக்கு அவனிடம் நெருங்காமல் ஓரடி தள்ளியே நின்றார்.

“என்னா சார் அவ்ளோ நேரமா பாக்கறாரு?” என்றார் செல்லம்மா.

“படத்தில் இருப்பவன் இவன்தானா என்று பார்க்கிறார்.”

“தள்ளி நின்னு பாத்தா எப்பிடித் தெரியும்?” என்றார் அவர். அந்த வீட்டு வாசலில் கேட்காத குரல்; மைதானம் முழுக்கக் கேட்டது. “கிட்ட வந்து பாக்கச் சொல்லுங்க சார்! இப்ப தொடலாம்!”

செயலாளர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஓரடி முன்னால் போய், முருகேஷின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். தலையாட்டினார். கன்னத்தில் ஒரு தட்டு தட்டி, கோல் போஸ்ட்டுக்கு அனுப்பிவைத்தார்.